காலனுக்குப் பன்னிரண்டு மைல்

காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் போன வாரம் அதைப் பார்த்தேன். மகள் வீட்டுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்க வேண்டும் என்று போயிருந்தோம். மங்குத் தட்டுகளுக்கும் மர யானைகளுக்கும் நடுவில், இரண்டு இடத்தில் மடிந்த இரும்புத் தடி ஒன்றை எண்ணெய் தடவித் துடைத்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். எஞ்சினைக் கிளப்ப லாரியின் மூக்கில் செருகிச் சுற்றுகிற ஹேண்டில். நான் நின்றுவிட்டதைப் பார்த்துக் கடைக்காரர் பக்கத்தில் வந்தார்.

"கெணத்து ராட்டினத்துக் கைப்பிடி, ஆத்தா. பெரிய வீட்டுச் சாமான். தூக்கிப் பாருங்க, என்னா கனம் கனக்குதுன்னு."

நான் தூக்கிப் பார்க்கவில்லை. அதன் கனம் எனக்குத் தெரியும். அது ராட்டினத்துக் கைப்பிடி இல்லை என்று அவரிடம் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதுகிற தூரத்தில் நீங்கள் என்னை விட்டுவைத்ததே இல்லையே. கொஞ்ச காலம் லாரி போன இடத்துக்கெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டும் போனீர்கள்.

நமக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, சாக்கோட்டைப் பக்கம் உங்கள் பங்குக்கு வந்த புன்செய்யை விற்று அந்த லாரியை வாங்கினீர்கள். அறுபதுகளின் நடுப்பகுதி. எல்லோரும் டீசல் வண்டிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், மதுரையில் யாரோ கழித்துப் போட்ட பழைய பெட்ரோல் லாரி. மலிவாகக் கிடைத்தது என்று மாலை போட்டு ஓட்டி வந்தீர்கள். ஏன் மலிவு என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. கோடையில் கண்மாயில் இறங்கிய எருமை மாதிரிப் பெட்ரோல் குடித்தது. லிட்டர் வந்துவிட்டாலும் லாரிக்காரர்கள் வாயில் அப்போது காலன் கணக்குதான், ஒரு காலன் நாலரை லிட்டர். காலனுக்கு எட்டு மைல் ஓடினாலே பெரிது. "இது வண்டி இல்ல, வாயி" என்று சொல்லிவிட்டுப் பானட்டைத் திறந்து குனிந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் நிமிர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற சின்னத் துளையை ஈயம் வைத்து அடைத்து, என் தையல் ஊசியால் அதைவிடச் சின்னத் துளை ஒன்று போட்டீர்கள். தேவகோட்டை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, டாங்கிக்குள் வேப்பங்குச்சியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். அதை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தடவை ஓட்டப் போவீர்கள். திருப்தி வராது. மறுபடி ஈயம், மறுபடி ஊசி. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள். "எஞ்சின் பேசும். கேக்கத்தான் ஆளு இல்ல" என்பீர்கள். அந்த நாட்களில் உங்களைப் போல மென்மையான ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. தலைவலிக்கிறது என்று நான் சொன்னால் காதில் விழாது. எஞ்சினுக்குள் ஒரு வால்வு முனகினால் எழுந்து ஓடுவீர்கள்.

கடைசியில் பொறிக்கு வந்தீர்கள். கறுப்பு மூடி போட்ட ஒரு கிண்ணம் இருந்தது. அதிலிருந்துதான் நெருப்புப் பொறி எஞ்சினுக்குள் போகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதன் கழுத்தில் ஒரு திருகாணி. அதைத் தளர்த்தி, கிண்ணத்தை ஒரு மயிரிழை திருப்பி, இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருப்பி, இப்படியே பல மாதம். ஒருநாள் தேவகோட்டை போய் வந்து குச்சியைப் பார்த்தீர்கள். காலனுக்குப் பன்னிரண்டு மைல். தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தீர்கள். அந்தக் கிண்ணத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள்.

அந்த வாரமே கிளீனரை நிறுத்தினீர்கள். "அவன் திங்கிற சோத்துக்கு ரெண்டு நடை பெட்ரோல் போட்டுறலாம்" என்றீர்கள். நாமும் சோறு தின்கிறவர்கள்தானே என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்பதற்குள், "நீ வீட்டுல சும்மாதான இருக்க, ஏறிக்க" என்றீர்கள். அப்படித்தான் நான் உங்கள் கிளீனர் ஆனேன். பாட்டரிக்கு எஞ்சினைச் சுற்றுகிற வலு போய் வெகுநாளாகியிருந்தது. புதிது வாங்க உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் எஞ்சினைக் கிளப்ப ஒவ்வொரு தடவையும் ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில் போட வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். உள்ளே நீங்கள். முன்னால் நான், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு.

சும்மா நிற்கிற எஞ்சின் குடிக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். ரயில்வே கேட்டில் அணைப்பீர்கள். டீக்கடையில் அணைப்பீர்கள். இறக்கம் வந்தால் அணைத்துவிட்டு உருட்டுவீர்கள். அணைத்ததையெல்லாம் நான் இறங்கிக் கிளப்ப வேண்டும். ஊரில் எனக்கு லாரிக்காரி என்று பேர் வந்தது. கேட்டுக்காரரிலிருந்து வரப்பில் போகிறவர்கள் வரை நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்தும் இருந்தது. தொண்டியில் கடலை முதன்முதலாகப் பார்த்தது அந்த லாரியின் உயரத்தில் இருந்துதான். கருவாட்டு மூட்டை ஏற்றுகிற வரை கடலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் அணைந்துதானே இருந்தது.

கிண்ணத்துக்குச் சந்தனம் வைத்ததிலிருந்தே ஹேண்டில் உதைத்துக்கொண்டிருந்தது. நான் வலப்பக்கம் சுற்றினால் அது திடீரென்று இடப்பக்கம் எகிறும். தோள்பட்டை வரை விண்ணென்று இழுக்கும்.

"என்னங்க, இது திருப்பி அடிக்குது" என்றேன்.

"புடிக்கிற மாதிரிப் புடிச்சா ஏன் அடிக்குது? பெருவிரல மடக்காமப் புடி" என்றீர்கள். அதோடு சரி.

நெற்குப்பை ஊரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேக்குத் தூண்களைக் காரைக்குடிக்கு ஏற்றுகிற வேலை நமக்குக் கிடைத்திருந்தது. தை மாதக் குளிர். லோடு ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. எஞ்சின் ஜில்லென்று கிடந்தது. நீங்கள் உள்ளே உட்கார்ந்து, "ம், போடு" என்றீர்கள். நான் பெருவிரலை மடக்கவில்லை. இதை நீங்கள் கடைசி வரை நம்பவில்லை. மடக்கவில்லை. ஒரு சுற்றுக்கூட முழுசாக வரவில்லை, இரும்பு பின்னால் பாய்ந்தது. மணிக்கட்டுக்குள் விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கை முள்கரண்டி மாதிரி வேறு பக்கம் வளைந்திருந்தது.

நீங்கள் இறங்கி வந்தீர்கள். கீழே கிடந்த ஹேண்டிலை எடுத்து, அதன் நுனியிலிருக்கும் குறுக்கு ஆணி உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். உடையவில்லை. அப்புறம்தான் என்னைப் பார்த்தீர்கள்.

"பெருவிரல மடக்கிருப்ப. எத்தன தடவ சொல்றது?"

அந்த வீட்டு ஆச்சி சத்தம் கேட்டு வெளியே வந்து, செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "ஏப்பா, மொதல்ல பிள்ளையக் கட்டு வைத்தியர்ட்டக் கூட்டிக்கிட்டுப் போ. தூணு எங்க ஓடிப்போகுது?" என்றார்.

"லோடு எறக்கிட்டு அப்பிடியே கூட்டிக்கிட்டுப் போயிர்றேன் ஆச்சி" என்றீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததை அந்த வலியிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பானட்டைத் திறந்தீர்கள். கிண்ணத்தின் திருகாணியைத் தளர்த்தி, கிண்ணத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பினீர்கள். லோடு ஏற்றிய ஆள் ஒருவரை உள்ளே மிதிக்க வைத்துவிட்டு, முன்னால் வந்து நீங்களே ஹேண்டிலைப் போட்டீர்கள். ஆட்டுக்குட்டி மாதிரிச் சாதுவாகச் சுற்றியது. எஞ்சின் கிளம்பிற்று. ஓடுகிற எஞ்சினுக்குள் மறுபடி குனிந்து, காதைச் சாய்த்து, கிண்ணத்தைப் பழைய இடத்துக்கே முன்னால் தள்ளி, திருகாணியை இறுக்கினீர்கள். ஏதோ கோளாறைச் சரி செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். காரைக்குடி வரை ஒவ்வொரு பள்ளத்திலும் கையை மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் கேட்டில் நீங்கள் எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கிக் கிளப்ப ஆள் இல்லை.

வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். தூண்கள் இறங்கி முடிவதற்குள் கை வீங்கிப் போயிருந்தது. எலும்பு கோணலாகவே சேர்ந்தது. அன்றிலிருந்து என் வலது உள்ளங்கை வானத்தைப் பார்த்துத் திரும்பாது. கோயிலில் குருக்கள் திருநீறு கொடுக்கும்போது எல்லோரும் கையை ஏந்துவார்கள். எனக்கு ஏந்த வராது, இடது கையை நீட்டவும் கூடாது. முந்தானையை விரித்து வாங்கிக்கொள்வேன். பிச்சை எடுக்கிறாற்போல இருக்கும். நீங்கள் பக்கத்தில் கையேந்தி நிற்பீர்கள்.

ஆனால் இதெல்லாம் விபத்து என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை.

உங்கள் லாரியின் பேர் பரவியது. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். நீங்கள் யாரிடமும் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை, பொறுமையாகக் கற்றுக்கொடுத்தீர்கள். தங்கமான மனுஷன் என்று ஊர் சொன்னது. ஒருநாள் தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வலது கையில் கட்டு இன்னும் இருந்தது, நான் இடது கையில் காப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அவருடைய லாரியின் பானட்டுக்குள் குனிந்திருந்தீர்கள்.

"காலனுக்குப் பன்னெண்டா? எந்தக் காலன்ணே, எமனா?" என்று அவர் சிரித்தார்.

"இங்குட்டு வாங்க, சொல்றேன்" என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். "இந்தத் திருகாணியத் தளத்திட்டு இத இப்பிடி முன்னால தள்ளுனீகன்னா பொறி முந்தி விழும். வண்டி ஓட்டத்துல இருக்கயில அதுதான் நல்லது. கொஞ்சப் பெட்ரோல்ல நெறைய இழுக்கும். ஆனா கிளப்புறப்ப மட்டும் இப்பிடியே விட்றாதீக."

"ஏண்ணே?"

"கையால மெதுவாத்தான சுத்துறோம்? பிஸ்டன் மேல வந்து சேருமுன்னயே வெடிச்சுரும். ஹேண்டிலு திருப்பி அடிக்கும், கை ஒடிஞ்சு போயிரும். அதனால கிளப்புறதுக்கு முன்ன பின்னால திருப்பி வச்சுக்கங்க. ஓட ஆரம்பிச்சதும் முன்னால தள்ளிக்கங்க. ஒரு நிமிச வேலை. மறந்துறாதீக, நீங்க பிள்ளைகுட்டிக்காரரு."

நான் காப்பியை லாரியின் மட்காட்டில் வைத்தேன். அவர் என் கையைக் கவனித்துவிட்டார். "தங்கச்சிக்குக் கையி என்னாச்சு?" என்று கேட்டார்.

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றீர்கள், எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே.

அவர் போன பிறகு நான் கேட்டேன். நான் கத்தவில்லை, அழவும் இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அது திருப்பி அடிக்கும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள்.

"ஒரு நிமிச வேலைன்னு அவர்ட்டச் சொன்னீகளே. எனக்கு ஏன் செய்யல?"

"ஒவ்வொரு தடவையும் திருப்பிக்கிட்டிருந்தா வச்ச எடம் கலைஞ்சு போகும். அந்த எடத்தப் புடிக்க எனக்கு எத்தன மாசமாச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு நெற்குப்பையில நீங்க ஹேண்டில் போடயில மட்டும் திருப்பினீகளே?"

அப்போது நிமிர்ந்து பார்த்தீர்கள். நிஜமாகவே என் கேள்வி உங்களுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அன்னைக்கு நான்ல போட்டேன்?" என்றீர்கள்.

அதன் பிறகு நான் அந்த லாரியில் ஏறவில்லை. அதுவரை ஹேண்டில் போட யாரையாவது கூலிக்குப் பிடித்துக்கொண்டிருந்த நீங்கள், கட்டு பிரித்ததும் என்னை இடது கையால் போடச் சொன்னீர்கள். மாட்டேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களிடம் சொன்ன முதல் மாட்டேன் அது. பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாள் நீங்கள் லாரியைக் கண்மாய்க் கரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். காலையில் பிரேக்கை எடுத்தால் தானாக இறக்கத்தில் உருளும், உருளுகிற வேகத்தில் கியரைப் போட்டால் எஞ்சின் கிளம்பிவிடும். லோடு ஏற்றுகிற இடத்திலும் ஒரு மேடு பார்த்து நிறுத்தப் பழகிக்கொண்டீர்கள். அவ்வளவுதான். அத்தனை நாள் என் கை இருந்த இடத்துக்கு ஒரு மண்மேடு போதுமாக இருந்திருக்கிறது.

நீங்கள் என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. குடித்ததில்லை. உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். மகள் பிறந்தாள். அவளை நான் இடப்பக்கமே ஏந்தி வளர்த்தேன். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது மற்றவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்தார்கள். நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டே திரிந்தீர்கள். உங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான்.

அப்புறம் ஒரு மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்த உங்களுக்கு வலது கை எழவில்லை. வாயில் வைத்த சோறு கடைவாயில் வழிந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். வாசலைப் பார்த்த அறையில், சன்னலோரம் உங்களைப் படுக்க வைத்தோம். நான்தான் துடைத்தேன், நான்தான் ஊட்டினேன். வலது கை திரும்பாது, அதனால் இடது கையால் ஊட்டினேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இடது கைச் சோறு உங்களுக்கு ஆகாது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் வாயைத் திறந்தீர்கள்.

லாரியை ஓட்ட என் சித்தப்பா மகன் முத்தையாவை வைத்தேன். முதல் வேலையாகப் புது பாட்டரி வாங்கிப் போட்டேன். சில நாள் ஓட்டிவிட்டு அவன் வந்து சொன்னான்: "அக்கா, எஞ்சின் தட்டுது. இப்பிடியே ஓட்டுனா பிஸ்டன் வெந்து போயிரும். பொறி ரொம்ப முந்தி விழுகுது, பின்னால வைக்கணும். பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போகவா?"

"பட்டறைக்கு வேணாம். இங்கனயே வை. இந்தச் சன்னலுக்கு நேராக் கொண்டாந்து நிறுத்தி வை" என்றேன்.

அவன் எஞ்சினைக் கிளப்பினான். நான் உங்கள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் எஞ்சின். இறுக்கமாக, மெலிசாக, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு ஓட்டம். முத்தையா திருகாணியைத் தளர்த்தியிருப்பான். சத்தம் மாறியது. தளர்ந்து, பெருத்து, நிறையச் சாப்பிட்டவன் மூச்சு விடுகிற மாதிரி ஆயிற்று. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். இடது கை போர்வையைப் பிடித்து இழுத்தது. தொண்டையிலிருந்து ஏதோ வந்தது, வார்த்தையாகவில்லை. முத்தையா திருகாணியை இறுக்கிவிட்டு, "ஆச்சுக்கா" என்று வெளியிலிருந்து கத்தினான்.

நான் குனிந்து உங்கள் காதில் சொன்னேன். "ஆமா. திருப்பி வச்சாச்சு. குடிக்கட்டும்."

உங்கள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. என் கை ஒடிந்த அன்று நீங்கள் அழவில்லை. உங்கள் அம்மா செத்தபோதுகூட அழவில்லை. நான் அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டேன். எந்தக் கையால் என்று யோசிக்கவில்லை. கோணல் கையால்தான் துடைத்திருக்கிறேன். நீங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு மாதம்கூட நீங்கள் அதற்குப் பிறகு இருக்கவில்லை.

நம் மகள் அப்போது சின்னப் பிள்ளை. அறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நான் காதில் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக, உங்கள் பேச்சு வரும்போதெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறாள்: "கடைசியில அப்பா ஒன் கையப் பாத்துத்தாம்மா அழுதாக. நான் பாத்தேன்."

அவளிடம் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பிள்ளைக்கு ஒரு அப்பா வேண்டும். ஆனால் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெட்ரோலுக்காகத்தான் அழுதீர்கள். நான் மனசில் அப்படியேதான் வைத்திருக்கிறேன், அப்படியேதான் வைத்திருப்பேன். எனக்காக அழுதீர்கள் என்று ஆகிவிட்டால், அன்றைக்கு உங்கள் காதில் நான் சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?